நான் சாகாத அன்று அடித்த துக்கமணி

பாறசாலை,
வெள்ளிக்கிழமை, மழைக்கு முன்.

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. விஜயதாஸ் அவர்கள் சமூகத்துக்கு, உமது தங்கை சுகுமாரியின் கணவன் நேசையன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்ளும் விளக்கம்.

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் சுகுமாரியும் சுகம். நான் சுகமாக இருப்பதைச் சென்ற செவ்வாய்க்கிழமை உமது சொந்தக் கண்ணாலேயே பார்த்துக் கோபித்துக்கொண்டு போய்விட்டீர். ஆகையால் அதை நீட்டி எழுத வேண்டியதில்லை. உமது சுகத்தையும், அன்று செருப்பில்லாமல் ஓடிவந்ததில் காலில் எதுவும் குத்தியதா என்பதையும் அறிய ஆசைப்படுகிறேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உமது வீட்டிலும் என் வீட்டிலும் பிள்ளைகள் மலையாளம் படித்தவர்கள். மேசைமேல் விரித்து வைத்துவிட்டுப் போனாலும் ஒருவருக்கும் ஓர் எழுத்து விளங்காது. சுகுமாரி வாசிப்பாள்தான், ஆனால் அவளுடைய கண்ணாடி நெய்யாற்றின்கரையில் கடையில் கிடக்கிறது, திங்கட்கிழமைதான் வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை வாசித்துக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லலாம் என்று செவ்வாய் முதல் இன்றுவரை பதினேழு முறை அழைத்தேன். பதினேழு முறையும் துண்டித்தீர். ஒரு முறைகூட போனை அணைத்து வைக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன், அதற்கு நன்றி.

விஷயத்துக்கு வருகிறேன். டீக்கடை ஷாஜி நேற்று என்னிடம் சொன்னது: நேசையன் தன்னுடைய துக்கமணியைத் தானே அடித்து, யாரெல்லாம் அழுதுகொண்டு வருகிறார்கள் என்று மறைந்திருந்து பார்த்தான் என்று நீர் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னீராம். இது பச்சைப் பொய். முப்பத்தொரு வருடம் மின்சார போர்டில் லைன்மேனாக இருந்தவன், நெஞ்சில் குழாய் வைத்து அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கே நாள் ஆனவன், அப்படி ஒரு விளையாட்டு விளையாடுவானா? நடந்தது முழுக்க வயர் பிழை. அந்த வயர் பிழையைத்தான் நான் உமக்கு ஆதியோடந்தமாக எழுதப்போகிறேன், பொறுமையாக வாசிக்கவும்.

நம் சபையில் மணியடித்து ஆலயம் கூட்டுகிற கோயில்குட்டி பொன்னுதாசுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டு ஆறு மாதமாகக் கை இடுப்புக்கு மேலே போவதில்லை என்பது உமக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் இடது கையால் மணிக்கயிற்றில் தொங்குவதைப் பார்த்துக் கமிட்டிக்காரர்கள் மனம் இரங்கி, மணியைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டுவிடலாம், பொன்னுதாசுக்கும் ஓய்வு கொடுத்துவிடலாம் என்று தீர்மானம் எழுதத் தொடங்கினார்கள். ஓய்வு கொடுத்தால் அந்த மனிதன் எங்கே போவான்? நான்தான் எழுந்து, கயிற்றை இழுக்க ஒரு மோட்டார் வைத்துத் தருகிறேன், பொத்தானை அமுக்குகிற வேலை பொன்னுதாசுக்கு இருக்கட்டும் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு அது தெரியாது என்பது ஞாபகம் வந்தது. கோயம்புத்தூரில் மிஷின் கம்பெனியில் இருக்கும் என் மகள் ஜீனாவைப் போனில் பிடித்தேன். அவள் ஒரு வாரத்தில் பெரிய அட்டைப்பெட்டி அனுப்பினாள். உள்ளே அடியடியாக எண்ணித் திரும்புகிற ஒரு ஸ்டெப்பர் மோட்டார், அதற்கு இவ்வளவு திரும்பு என்று உத்தரவு கொடுத்து மின்சாரத்தை அளந்துவிடுகிற டிரைவ் என்ற பெட்டி, எந்தெந்த நேரத்துக்கு எத்தனை மணி என்று நினைவு வைத்திருக்கிற இன்னொரு குட்டிப் பெட்டி. மோட்டாரின் முதுகில் என்கோடர் என்று ஒரு சின்னக் கருவி ஒட்டியிருந்தது. மோட்டார் உண்மையிலேயே எவ்வளவு திரும்பியது என்று டிரைவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்வது அதன் வேலை.

மச்சான், பதினோராயிரம் வோல்ட் லைனுக்குக் கீழே நின்று பால் விடாத கட்டஞ்சாயா குடித்தவன் நான். என்கோடருக்கு ஐந்தே வோல்ட் என்று ஜீனா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஐந்து வோல்ட்டிடம்தான் நான் தோற்றேன். மோட்டாரிலிருந்து நான்கு தடித்த வயர். நான் பழக்கதோஷத்தில் சிவப்பைக் கண்டதும் பேஸ் என்றும் கறுப்பைக் கண்டதும் நியூட்ரல் என்றும் முடிவு செய்து ஸ்குரூவை முறுக்கப் போனேன். போனில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த ஜீனா அங்கிருந்தே அலறாத குறை. "அப்பா, கலரப் பாத்து நம்பாதீங்க. இந்த நாலும் ரெண்டு சோடியாக்கும். எது எதுக்க சோடின்னு மொதல்ல பாக்கணும்" என்றாள். மீட்டர் வைத்துப் பார்த்தோம். மீட்டர் இல்லாவிட்டாலும் வழியுண்டாம்: இரண்டிரண்டாக வயரை முறுக்கிச் சேர்த்துத் தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தால், சரியான சோடி சேர்ந்திருக்கும்போது தண்டு இறுகும். இதைச் செய்து பார்த்து நான் ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன், சுகுமாரி வந்து சோறு ஆறுகிறது என்று சொல்லும்வரை.

பிறகு வயர் ஓட்டுகிற வேலை. மோட்டாருக்குப் போகிற தடித்த கேபிளையும் என்கோடரின் மெல்லிய கேபிளையும் ஒரே பைப்பில் போட்டு, வரிசையாகக் கிளிப் அடித்து, அழகைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். பாராட்டு வரும் என்று நினைத்தால் போன் வந்தது. ஒன்று சத்தம் போடுகிற ஆள், மற்றது காது கொடுத்துக் கேட்கிற ஆள், இரண்டையும் ஒரே கட்டிலில் படுக்கப் போட்டால் அது என்ன கேட்கும் என்றாள். எல்லாவற்றையும் பிரித்து ஒரு முழம் தள்ளி வேறு பைப்பில் போட்டேன். என்கோடர் கேபிளைச் சுற்றியிருக்கிற வலையை, எர்த்து எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதானே என்று இரண்டு முனையிலும் எர்த்துக்குக் கொடுத்திருந்தேன், அதுவும் தப்பு, டிரைவ் பக்கம் ஒரு முனையில் மட்டும் போதும் என்றாள். அதையும் மாற்றினேன். சுவிட்சை அணைத்தாலும் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் கரண்ட் தங்கி நிற்கும், பச்சை விளக்கு முழுதாக அணையும்வரை கை வைக்கக் கூடாது என்றாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை மூன்று முறை சொல்லி, என்னையும் சொல்ல வைத்து, பொன்னுதாசையும் போனுக்கு முன்னால் நிறுத்திச் சொல்ல வைத்தாள்: கரண்ட் இருக்கும்போது மோட்டார் பிளக்கையோ என்கோடர் பிளக்கையோ ஒருபோதும் ஊரிப் பிடுங்கக் கூடாது, முதலில் மெயின், பிறகுதான் பிளக். பொன்னுதாஸ் வேத வசனம்போலத் திருப்பிச் சொன்னான். அவசரத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தானும் அனுப்பியிருந்தாள், அமுக்கினால் அப்படியே எல்லாம் நிற்கும். நான் அதை மெயின் சுவிட்சோடு சேர்த்து, ஞாயிறு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அமுக்கி விளையாடக் கூடாது என்று, மணிக்கூண்டுச் சுவரில் ஆறடி உயரத்தில் வைத்தேன். என் உயரத்துக்குச் சரியாக இருந்தது. சபைப் போதகர் ஐயர் வந்து ஜெபம் செய்து பிரதிஷ்டை பண்ணினார். முதல் ஞாயிறு முப்பது மணியும் பிசகாமல் அடித்தது. அன்று நீர் ஆலயத்தில் இடது பக்கக் கடைசிப் பெஞ்சிலிருந்து அண்ணாந்து பார்த்ததை நான் பார்த்தேன். உம்மிடம் வந்து பெருமையடிக்க வேண்டும் என்று எனக்குக் கால் பரபரத்தது. அன்று மாலைதான் நெஞ்சு வலி வந்து என்னைக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இனி செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு இங்கே நல்ல வெயில், வடக்கே காட்டாக்கடைப் பக்கம் இருட்டிக்கொண்டு ஓர் இடி இடித்தது. ஐப்பசி மாதத்தில் இடி கேட்டால் நம்மவர்கள் என்ன செய்வோம்? சோற்றுக் கையோடு எழுந்து ஓடி வீட்டிலுள்ள பிளக்கை எல்லாம் பிடுங்குவோம். பொன்னுதாசும் மனிதன்தானே. ஆலயத்துக்குள் ஓடிக் கீபோர்டு பிளக்கைப் பிடுங்கினான், மைக் பிளக்கைப் பிடுங்கினான், மணிக்கூண்டுக்கு வந்தான். மெயினைத்தான் முதலில் அணைக்க வேண்டும் என்பது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மெயின் ஆறடியில் இருக்கிறது, அவன் கை இடுப்போடு நிற்கிறது. எந்த மனிதனுடைய கை தூக்க முடியாது என்பதற்காக இந்த மிஷினை வைத்தேனோ அந்த மனிதனுக்கு எட்டாத உயரத்தில் அதை நிறுத்துகிற பொத்தானை வைத்த புத்திசாலி உமது மைத்துனன். இரண்டாவது இடி இடித்தது. பொன்னுதாஸ் பயந்துபோய், எட்டியதைப் பிடுங்கினான். எட்டியது என்கோடர் பிளக்.

அதன் பிறகு நடந்ததை ஜீனா எனக்கு விளக்கினாள், நான் உமக்கு விளக்குகிறேன். டிரைவுக்குச் செய்தி வருவது நின்றுவிட்டது. மோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அது பிழை காட்டி நின்றது. குட்டிப் பெட்டி பத்து நொடி பொறுத்துப் பிழையைத் துடைத்துவிட்டு, சரி, முதலில் உன் இடத்தைக் கண்டுபிடி என்று உத்தரவு கொடுத்தது. மோட்டார் கயிற்றை ஒரு முறை இழுத்தது. மணி ஒன்று. திரும்பியதா இல்லையா என்று செய்தி வரவில்லை. மறுபடி பிழை, மறுபடி பத்து நொடி, மறுபடி மணி ஒன்று. நம் சபையில் ஒன்றடித்து, பத்தெண்ணி, மறுபடி ஒன்றடித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தக் கரையிலிருந்து செங்கல் ஊர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். நான்கு நாள் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் யார் என்பதும் தெரியும். நான் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தேன். சுகுமாரி கொல்லையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். முதல் மணி கேட்டதும் எனக்கு விஷயம் விளங்கி, எழுந்து, வீட்டுக்கு மேலே ஆலயத்துக்குப் போகிற இருபத்தாறு படியையும், டாக்டர் சொன்னபடி ஐந்து படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கி ஏறினேன். பொன்னுதாஸ் அழுகிற முகத்தோடு, "அண்ணே, நான் பிளக்க ஊரிட்டேன், பின்னயும் அது நிக்கமாட்டேங்குது" என்றான். நான் பொத்தானில் கை வைத்தபோது ஒன்பதாவது மணி அடித்து முடிந்திருந்தது.

நான் கீழே இறங்கி வருவதற்குள் என் முற்றத்தில் நடந்தவை: வாடகை நாற்காலிக்காரன் முப்பது நாற்காலி இறக்கிவிட்டான். பெட்டி செய்கிற ஆசாரி போனில் என் உயரம் கேட்டான். சபை வாட்ஸ்அப்பில் என் படம், கறுப்புக் கரையோடு, இரண்டு வருடம் முந்தைய ஆலயச் சுற்றுலாவில் நான் ஐஸ்கிரீம் தின்னும் படம், கீழே ஆழ்ந்த இரங்கல்கள் இருபத்துமூன்று. ரத்னபாய் சித்தி வாசலிலேயே பாட்டைத் தொடங்கிவிட்டாள், அதுவும் எனக்குப் பிடிக்காத பாட்டு. இதெல்லாம் போகட்டும். நான் கடைசிப் படியில் நின்று பார்த்தபோது நீர் வந்தீர். சட்டையில்லை, செருப்பில்லை, தோளில் துவர்த்துத் துண்டு மட்டும். பதினொரு வருடமாக என் வீட்டைக் கடக்கக் கூடாது என்று கால்வாய்க் கரை சுற்றிப்போகிற ஆள், என் வேலிப் படலைத் திறக்காமல் தள்ளி முறித்துக்கொண்டு உள்ளே வந்தீர். சுகுமாரி மீன் சட்டியோடு முன்பக்கம் வந்தாள். அவளுக்கு நான் செத்த சங்கதி இன்னும் தெரியாது, பதினொரு வருடத்துக்குப் பிறகு அண்ணன் வாசலில் நிற்கிறான் என்பது மட்டும்தான் தெரிந்தது. சட்டியைக் கீழே போட்டுவிட்டு உம்மைக் கட்டிக்கொண்டு அழுதாள். தங்கை புருஷனுக்காக அழுகிறாள் என்று நீர் நினைத்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதீர். இருவரும் வேறு வேறு காரணத்துக்காக அழுததை நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நீ பழையபடி மச்சான் முறை சொல்லிக் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. "எனக்க அளியா, ஒரு வாக்கு மிண்டாம பேசாம போயிட்டியேலே."

நீர் என்று எழுதிக்கொண்டு வந்து நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும், அளியா.

பிறகு நான் கையில் ஸ்குரூடிரைவரோடு முன்னால் வந்தேன். ரத்னபாய் சித்தி பாட்டைச் சரணத்தின் நடுவில் நிறுத்தினாள். நீ என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாய். துவர்த்தால் முகத்தைத் துடைத்தாய். சுகுமாரியிடம் குடிக்க வெள்ளம் கேட்டு, அவள் கொண்டுவந்ததை ஒரே மூச்சில் குடித்தாய். அப்புறம் என்னைப் பார்த்து, "சாவணும்னா ஒழுங்கா செத்துத் தொலைலே. மனுசன இப்பிடி ஓட வைக்காத" என்று சொல்லிவிட்டு முறிந்த படலைத் தாண்டிப் போய்விட்டாய். பதினொரு வருடத்தில் நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. திட்டுதான், ஆனால் எனக்கு நேரே சொன்ன திட்டு. அன்று ராத்திரி சோறு இறங்கியது.

ஜீனா வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துவிட்டு வேலையிடத்திலிருந்து அழைத்தாள். என் குரல் கேட்டதும் ஐந்து நிமிடம் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, எத்தனை நொடிக்கு ஒரு மணி அடித்தது என்று கேட்டாள். பத்து என்றேன். என்கோடர் பிளக்கை யார் ஊரியது என்று கேட்டாள். என் மகள், கேட்டாயா, எங்கேயோ உட்கார்ந்துகொண்டு மணிச் சத்தத்தை வைத்தே வியாதியைச் சொல்கிறாள். இப்போது எல்லாம் சரி செய்தாயிற்று. சிவப்புப் பொத்தானையும் மெயினையும் பொன்னுதாசின் இடுப்பு உயரத்துக்கு இறக்கி, பிள்ளைகள் தொடாமல் இருக்க மேலே ஒரு மூடி போட்டேன். பிளக்குகளைப் பூட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். பிழை வந்தால் மறுபடி முயலாமல் அப்படியே நிற்கும்படி ஜீனா மாற்றச் சொன்னாள், மாற்றினேன். பொன்னுதாஸ் தினமும் பத்து முறை பொத்தானை அமுக்கிப் பார்த்துக்கொள்கிறான், யாராவது செத்தால்கூட இனி அவ்வளவு எளிதில் மணி அடிக்காது என்று நினைக்கிறேன்.

ஆக, இது வயர் பிழை. உன்னை ஏமாற்றவில்லை. டீக்கடையில் சொன்னதைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்று கேட்கமாட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்த இடத்தில் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் குழாய் வைத்தவன் அதற்குள் வேறெதையும் வைத்திருக்கக் கூடாது. பதினொரு வருடத்துக்கு முன் நடந்த சபைச் செயலர் தேர்தலில் ஒரே ஓட்டில் நீ தோற்றாய். "எனக்க வீட்டு ஓட்டே எனக்கு விழல்ல" என்று ஊரெல்லாம் சொன்னாய். நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். சத்தியம் பொய். உனக்கு நான் போடவில்லை. உனக்கு எதிராக நின்றவன்மேல் எனக்கு ஒரு பிரியமும் இல்லை. செயலர் ஆனால் கமிட்டி, பிஷப் ஆபீஸ், கணக்குப் புத்தகம் என்று உன் சாயங்காலம் முழுக்கப் போய்விடும், நாம் இருவரும் கால்வாய்க் கரையில் போய் உட்காருவது நின்றுவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். உன் சாயங்காலத்தைக் காப்பாற்றப் போய்ப் பதினொரு வருடச் சாயங்காலத்தையும் தொலைத்தேன். என்னை மன்னித்துவிடு, அளியா. பேஸ் எது நியூட்ரல் எது என்று தெரிந்த அளவுக்கு எனக்கு மனிதர் காரியம் தெரியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து, என் வீட்டுப் படிக்கு இறங்குகிற வலது பக்க வாசல் வழியாக வெளியே வா. சுகுமாரி மரச்சீனிக் கிழங்கும் அயலை மீன் கறியும் வைப்பாள், செவ்வாய்க்கிழமை மண்ணில் விழுந்த மீனுக்கு அவள் இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை. முறிந்த படலை நான் கட்டவில்லை. நீ வந்து போகிறவரை அப்படியே கிடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல். கர்த்தர் உன் காலுக்கும் என் நெஞ்சுக்கும் பலம் தருவாராக.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உன் அளியன்,
நேசையன்.

பி.கு.: மடித்து ஒட்டின பிறகு மனசு கேட்கவில்லை, மறுபடி பிரித்தேன். படிகளில் நான் எங்கேயும் நின்று மூச்சு வாங்கவில்லை. ஒரே ஓட்டமாக ஏறினேன். நாலாவது மணியிலேயே பொத்தானை அமுக்கிவிட்டேன். எல்லாம் நின்றது. கூண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், கால்வாய்ப் பாலத்தில் நீ. மணி நின்றதும் நீயும் நின்றாய். நாலோடு நின்றால் துக்கமணி இல்லை, பொன்னுதாஸ் கைதவறி அடித்திருப்பான் என்று நினைத்திருப்பாய். என் வீட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு திரும்பி நடக்கத் தொடங்கினாய். மிச்சம் ஐந்தையும் நான்தான் கையால் இழுத்தேன், பத்துப் பத்தாக எண்ணி. கயிறு தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னது சுகுமாரிக்குத் தெரியும், அவளிடம் சொல்லிவிடாதே. ஐந்தாவது இழுப்பில் நெஞ்சு கொஞ்சம் வலித்தது. நீ அதற்குள் பாலம் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தாய்.